வெயிலில் வெந்த தோல்: ஆற விடுவோம், கெடுக்காதிருப்போம்





சென்ற கோடை விடுமுறையில் நமது மஹல்லாவைச் சேர்ந்த 15 வயதுப் பிள்ளை ஒருவன், நண்பர்களோடு அரியமான் கடற்கரைக்குப் போனான். காலை 10 மணிக்குச் சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கியவன், அஸருக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் கரையேறினான். காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்ததால் சூடே தெரியவில்லையாம். மஃரிபுக்குப் பிறகு தோளும் முதுகும் சிவந்தன. இரவு பாயில் படுக்க முடியவில்லை. மறுநாள் கொப்புளம் எழுந்தது.

வீட்டில் பற்பசை தடவினார்கள். பக்கத்து வீட்டார் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார்கள். "தண்ணி கோத்திருக்கு, வடிச்சு விட்டாதான் ஆறும்" என்று ஒருவர் ஊசியால் கொப்புளங்களைக் குத்திவிட்டார். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குக் குளிக்காமல் போகக் கூடாது என்று எண்ணி, அந்தப் பிள்ளை பச்சைப் புண்ணில் உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் குளித்திருக்கிறான். அவன் வாப்பா எங்கள் அலுவலகத்துக்கு அவனை அழைத்து வந்தபோது நாங்களும் ஒரு தவறு செய்தோம். முதலுதவிப் பெட்டியில் இருந்த பவுடரைத் தூவி, பஞ்சை வைத்துக் கட்டி அனுப்பினோம். பஞ்சு புண்ணோடு ஒட்டிக்கொண்டது. நான்காம் நாள் காய்ச்சல். புண்ணில் சீழ். மருத்துவமனையில் சேர்த்து, பஞ்சை நனைத்து நனைத்துப் பிரித்தெடுத்த செவிலியர் எங்களைப் பார்த்துக் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: "ஒண்ணுமே செய்யாம கூட்டிட்டு வந்திருந்தா இவ்வளவு வந்திருக்காதே?"

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தேறிவிட்டான். ஆனால் அவனுக்கு அன்பு செய்த அத்தனை பேரும் சேர்ந்துதான் அவன் புண்ணைக் கெடுத்தோம். இந்த ஆண்டு கோடை தொடங்கும் முன்பே இந்தப் பாடத்தை எழுதுவதற்கு அதுவே காரணம்.

தோலில் நடப்பது என்ன?

வெயில் சுட்ட தோலை நாம் "கன்றிப்போச்சு", "கறுத்துப்போச்சு" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். மருத்துவத்தில் அது அடுப்பில் சுட்டதைப் போன்ற ஒரு தீப்புண்தான். சூட்டினால் வருவதன்று, சூரிய ஒளியில் கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களால் வருவது. அதனால்தான் காற்று வீசும்போதும், மேகம் போட்டிருக்கும்போதும், தண்ணீரில் இருக்கும்போதும் தோல் வேகிறது. தண்ணீரில் அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் இருப்பதில் சுமார் 40 சதவீதக் கதிர் இருக்கிறது. காய்ந்த கடல் மணல் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் நம் மீதே திருப்பி அடிக்கின்றன. தொப்பி போட்டவருக்கும் தாடையும் மூக்கின் அடிப்பகுதியும் சுடுவது இதனால்தான்.

தோலின் மேல் அடுக்கில், அடியில் புதிய செல்கள் பிறந்து மெல்ல மேலே ஏறி, ஏறத்தாழ நான்கு வாரங்களில் உதிர்கின்றன. வெயில் சுடும்போது இந்தச் செல்களின் உட்கரு பாதிக்கப்படுகிறது. தேற முடியாத செல்கள் தாமாகவே மடிகின்றன. அந்த இடத்துக்கு உதவி அனுப்ப இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதுதான் சிவப்பும் எரிச்சலும். ஆழமாகச் சுட்டால் அடுக்குகளுக்கு நடுவே நீர் கோத்துக் கொப்புளமாகிறது. சில நாள் கழித்து மடிந்த தோல் உரிகிறது. அடியில் புதுத்தோல் தயாராக இருக்கிறது.

இவ்வளவும் நம் கை படாமல், ரப்புல் ஆலமீன் உடலுக்குள் வைத்திருக்கும் ஏற்பாட்டினால் நடப்பவை. புண்ணை ஆற்றுவது நம் வேலை அன்று. ஆறுவதற்கு இடம் கொடுப்பதும், நடுவில் புகுந்து கெடுக்காமல் இருப்பதும்தான் நம் வேலை. இந்தப் பாடத்தின் சாரம் இவ்வளவே.

சுட்டவுடன்

வெயில் சுட்டது உடனே முழுதாகத் தெரியாது. சில மணி நேரம் கழித்துச் சிவந்து, 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். ஆகவே, தோல் சிவக்கத் தொடங்கியதுமே நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

குளிர்ந்த (பனிக்கட்டி போடாத) நல்ல தண்ணீரை அந்த இடத்தில் 10 முதல் 20 நிமிடம் மெதுவாக ஊற்றுங்கள். அல்லது மெல்லிய துணியை நனைத்துப் போட்டு, சூடேற ஏற மாற்றுங்கள். எரிச்சல் இருக்கும்வரை ஒரு நாளில் பலமுறை செய்யலாம். நம் பகுதியில் பல கிணறுகள் உப்பு. புண்ணுக்குக் காவிரிக் குடிநீரையோ, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரையோ பயன்படுத்துங்கள். கைக்குழந்தையை நடுங்கும் அளவுக்குக் குளிர்விக்க வேண்டாம்.

மோதிரம், வளையல், இறுக்கமான உடை இருந்தால் வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். பாய் உறுத்தும், நைந்த பருத்திச் சேலையை விரித்துப் படுக்க வையுங்கள்.

வெயில் சுட்ட உடம்பு நீரையும் இழக்கிறது. தண்ணீர், நீர்மோர், இளநீர், கஞ்சி என்று சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள். களைப்பு அதிகமானால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை, அதன் மேல் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்குங்கள். சிறுநீரகம், இதய நோய்க்காகத் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வலிக்குப் பெரியவர்கள் 500 மி.கி. பாராசிட்டமால் ஒன்றை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். கல்லீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு எடைக்கேற்ற அளவைக் கேட்டுக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில், கடையில் கேட்டு வாங்கும் மற்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

தடவக் கூடாதவை

பற்பசை, பேனா மை, முட்டை வெள்ளைக்கரு, மஞ்சள்தூள், எலுமிச்சைச் சாறு, பனிக்கட்டி: இவை எதுவும் வேண்டாம். பற்பசையும் எலுமிச்சையும் எரித்துப் புண்ணாக்கும். பனிக்கட்டி, வெந்த தோலைக் குளிரால் இன்னொரு முறை சுடும். முட்டையிலும் தூளிலும் கிருமி இருக்கலாம்; மஞ்சளும் மையும் புண்ணின் நிறத்தை மறைத்து, மருத்துவர் பார்ப்பதற்கும் தடையாகும்.

சூடு தணியாத தோலில் எண்ணெய், வெண்ணெய், நெய் தடவினால் வெப்பம் உள்ளேயே தங்கும். தேங்காய் எண்ணெய்க்கு நாங்கள் எதிரியல்லர். தோல் உரிந்து முடிந்து, புண் இல்லாமல் வறண்டிருக்கும்போது அதைத் தாராளமாகத் தடவலாம். அதற்கு ஒரு நேரம் இருக்கிறது. முதல் நாள் அந்த நேரமன்று.

கற்றாழை நல்லது, தோல் கிழியாத இடத்தில் மட்டும். மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு, உள்ளே இருக்கும் தெளிந்த சோற்றை மட்டும் எடுக்க வேண்டும். அந்தப் பால் அரிக்கும். காலமைன் லோஷனும் தோல் கிழியாத இடத்துக்கு ஏற்றது.

வாழையிலையைப் பற்றியும் கேட்கிறார்கள். தீக்காயப் பிரிவுகளில் வாழையிலையைப் பதப்படுத்திக் கிருமி நீக்கிக் கட்டுவது நம் நாட்டில் உண்டு. அது புண்ணோடு ஒட்டாது என்பது அதன் சிறப்பு. ஆனால் வீட்டில் பறித்த இலையில் கிருமி இருக்கும். அதைத் திறந்த புண்ணில் வைக்காதீர்கள்.

கொப்புளம் எழுந்தால்

கொப்புளத்தைக் குத்தாதீர்கள். அதன் மேல்தோல்தான் புண்ணுக்கு அல்லாஹ் போட்ட கட்டு. வெளியே இருக்கும் எந்தத் துணியும் அந்த அளவுக்குச் சுத்தமானதன்று. சில நாட்களில் உள்ளிருக்கும் நீரை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும்.

தானாக உடைந்துவிட்டால் சோப்பும் நல்ல தண்ணீரும் கொண்டு மெதுவாகக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்து, பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவி, மருந்துக் கடையில் கிடைக்கும் சுத்தமான காஸ் துணியால் மூடுங்கள். தொங்கும் தோலைப் பிய்க்காதீர்கள். கட்டைத் தினமும் மாற்றுங்கள். ஒட்டியிருந்தால் நனைத்து எடுங்கள். பஞ்சை நேரடியாகப் புண்ணில் வைக்கவே கூடாது. இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். டி.டி. ஊசி தேவையா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

சிவந்து மட்டும் இருந்தால் மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். கொப்புளம் எழுந்த புண்ணுக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். இந்த நாட்களில் அந்த இடத்தில் வெயில் படக் கூடாது. புதுத்தோல் பச்சைப் பிள்ளையின் தோல் போன்றது. கூலி போய்விடும் என்று இரண்டாம் நாளே உப்பளத்துக்கோ படகுக்கோ திரும்புவது, ஆறும் புண்ணை மறுபடி அடுப்பில் வைப்பது போலத்தான். அப்படிப் போக வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள் எங்களிடம் சொல்லுங்கள். அந்தச் சில நாளைக்கு அரிசி, பருப்புக்கு வழி செய்ய முடியும், இன்ஷா அல்லாஹ்.

கறுத்த தோலுக்கு "வெளுக்கும் கிரீம்" வேண்டாம்

ஆறிய இடம் சில மாதம் கறுத்தோ வெளுத்தோ திட்டாகத் தெரியும். நம் நிறத்தவருக்கு இது அதிகம். குமருப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதற்காகப் பதறி, கடைகளில் விற்கும் வெளுக்கும் கிரீம்களை வாங்குகிறார்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டும் பாதரசமும் கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். திட்டு மறைவதற்குத் தேவை பொறுமையும் நிழலும்தான். ஆறு மாதமாகியும் மறையாவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

உடனே மருத்துவமனை போக வேண்டிய நிலைகள்

விரல்களோடு சேர்ந்த நம் உள்ளங்கை அளவு, நம் உடம்பில் ஏறத்தாழ ஒரு சதவீதம். கொப்புளம் பல உள்ளங்கை அளவுக்குப் பரவியிருந்தாலும், முகம், கை, பாதம், மறைவிடம் ஆகிய இடங்களில் எழுந்தாலும் காட்ட வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் சிவந்தாலே காட்ட வேண்டும். சர்க்கரை நோயாளிகள் சிறு கொப்புளத்தையும் காட்ட வேண்டும். சீழ், துர்நாற்றம், புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பு, காய்ச்சல், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைதல், கண் எரிந்து வெளிச்சம் பார்க்க முடியாமை ஆகியவையும் தாமதிக்கக் கூடாத அடையாளங்கள்.

பேச்சுக் குழறி, நினைவு தடுமாறி, உடம்பு கொதித்தால் அது வெயில் புண் அன்று, வெப்பத் தாக்கு. உயிருக்கு ஆபத்து. உடனே 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தவறியவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

சில மாத்திரைகள் தோலை வெயிலுக்கு இளக்கமாக்கும். எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடு ஆகியவை அவற்றில் சேர்ந்தவை. இவற்றை எடுப்பவருக்குக் கொஞ்ச நேர வெயிலே சுடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

புண்ணும் வணக்கமும்

அந்தப் பிள்ளை உப்புத் தண்ணீரில் குளித்தது மார்க்கப் பற்றினால்தான். ஜும்ஆ குளிப்பு சுன்னத். புண்பட்டவன் அதை விட்டால் குற்றமில்லை. இதை அவனுக்கு நாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஜாபிர் (ரலி) அறிவித்து அபூதாவூதில் பதிவான ஒரு நிகழ்ச்சி இங்கே நினைவுக்கு வர வேண்டும். பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று தோழர்களைக் கேட்டார். இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அந்த மனிதரின் மரணத்துக்கு அப்படிச் சொன்னவர்களையே பொறுப்பாக்கி, அறியாமைக்கு மருந்து கேட்டுத் தெரிந்துகொள்வதே என்பதை உணர்த்தினார்கள்.

தண்ணீர் பட்டால் புண் கெடும் என்று நம்பத்தக்க மருத்துவர் சொன்னால், ஒளுவிலும் கடமையான குளிப்பிலும் அந்த இடத்துக்குச் சலுகை உண்டு. நல்ல பகுதியைக் கழுவி, புண்ணுக்காகத் தயம்மும் செய்வதா, கட்டின் மேல் மஸஹ் செய்வதா, இரண்டுமா என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் விளக்கங்கள் வேறுபடுகின்றன. உங்கள் பள்ளி இமாமிடம் புண்ணின் நிலையைச் சொல்லிக் கேளுங்கள். தொழுகையை விட்டுவிடாதீர்கள், புண்ணையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ரமலானில் இப்படி நேர்ந்து, நோன்பு நோற்றால் நோய் கூடும் என்றிருந்தால், நோயாளிக்கு அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் தரப்பட்ட சலுகை இருக்கிறது. பிறகு களா செய்யலாம்.

ஹஜ், உம்ரா செல்வோரும் கவனிக்க வேண்டும். 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது; 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. இஹ்ராமில் ஆண்கள் தலையை மூடக் கூடாதே தவிர, குடை பிடிக்கத் தடையில்லை. வாசனையில்லாத வெயில் கிரீம் பற்றி உங்கள் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் சூடான தரையில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, சுட்டதே தெரியாது.

நிழலைப் பார்த்து நடப்போம்

நேரம் பார்க்க நம் முன்னோர் கற்ற பாடமே வெயிலுக்கும் பொருந்தும். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் கதிர் கடுமை. கோடையில் நம் ஊரில் அது காலை 9 மணிக்குச் சற்றுப் பின் தொடங்கி, ஏறக்குறைய அஸர் வரை நீடிக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நம் தலைக்கு நேர் உச்சியிலேயே வருகிறது. பிள்ளைகளை அரியமானுக்கோ தனுஷ்கோடிக்கோ கூட்டிப்போனால் ஃபஜ்ருக்குப் பிறகு போய் 9 மணிக்குத் திரும்புங்கள். அல்லது அஸர் தொழுதுவிட்டுப் போங்கள். அரிச்சல்முனையில் ஒதுங்க மரநிழல் கிடையாது.

வெயிலைத் தவிர்க்க முடியாதவர்கள் இருக்கிறார்கள்: நாட்டுப்படகில் போகிறவர்கள், சங்கு குளிப்பவர்கள், வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் நிற்பவர்கள், கருவாடு காயப்போடும் பெண்கள். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேல் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் கடலில் இறங்குகிறார்கள். அது அனுபவம் தந்த அறிவு. முழுக்கைச் சட்டை, கழுத்தை மூடும் துண்டு, விளிம்பு அகன்ற பனையோலைத் தொப்பி: இவற்றை மிஞ்சிய பாதுகாப்பு இல்லை. நெருக்கமாக நெய்த, உலர்ந்த துணி நன்றாகத் தடுக்கும். மெல்லிய வெள்ளைத் துணி நனைந்தால் கதிரை உள்ளே விட்டுவிடும். மூடாத இடங்களுக்கு எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட கிரீமை, வெளியே போகக் கால் மணி நேரம் முன் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீரிலிருந்து ஏறிய பிறகும் மறுபடி தடவ வேண்டும்.

எங்கள் அலுவலகப் பெட்டியிலிருந்து பஞ்சையும் பவுடரையும் எடுத்துவிட்டோம். இப்போது காஸ் துணி, பெட்ரோலியம் ஜெல்லி, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், காய்ச்சல் பார்க்கும் கருவி ஆகியவை இருக்கின்றன. தேவைப்படுவோர் வந்து வாங்கிக்கொள்ளலாம். மருத்துவமனைக்குப் போக ஆட்டோ செலவுக்குத் தயங்குபவர்கள் இரவானாலும் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது அலுவலகத்துக்கு வந்துபோகிறான். முதுகில் திட்டு இன்னும் முழுதாக மறையவில்லை. இந்த ஆண்டு மக்தப் பிள்ளைகளை அரியமானுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அவனே கேட்டான். எத்தனை மணிக்கு என்று நாங்கள் கேட்டோம். "ஃபஜ்ரு தொழுத கையோட போயிட்டு ஒம்போது மணிக்குள்ள வந்துரலாம்" என்றான்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கும், வெயிலில் உழைத்து ஹலாலாகச் சம்பாதிப்போர் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.